காவலும் காப்பும்: மனநல நெருக்கடியில் காவல் நிலையத்தின் அதிகாரம் – செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையை முன்வைத்து (1858–2018)

ஆய்வுச் சுருக்கம்

மனநலம் குன்றிய நிலையில் பொதுவெளியில் அலையும் ஒருவரைக் காவல்துறை தன் பொறுப்பில் எடுக்கும் அதிகாரம், 1858 முதல் இன்றுவரை தொடர்ந்து இந்தியச் சட்டங்களில் இடம்பெற்று வருகிறது. இவ்வதிகாரத்தின் பெயர் கைது என்பதிலிருந்து பாதுகாப்பு என்பதாக மாறியதைச் சட்ட வரலாற்றாளர் பலரும் முன்னேற்றமாகவே குறிப்பிடுவர். பெயர் மாற்றத்தைவிட, எடுக்கப்பட்டவர் எங்குக் கொண்டுசெல்லப்பட்டார், அச்செயல் எங்குப் பதிவாயிற்று என்னும் இரு வினாக்களே இவ்வரலாற்றின் மையம் என இக்கட்டுரை வாதிடுகிறது. 1858, 1912, 1987, 2017 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் ஒப்பிடப்படுகின்றன. அவை நடைமுறைக்கு வரும் களமாகச் செங்கல்பட்டு மாவட்டமும் மாமல்லபுரம் கடற்கரையும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனநலச் சட்டம், காவல் நிலையம், நடுவர், ஏற்பாணை, பாதுகாப்பு, செங்கல்பட்டு, மாமல்லபுரம், கீழ்ப்பாக்கம்.

1. முன்னுரை

தமிழில் ‘காவல்’ என்னும் சொல் காத்தலையும் குறிக்கும், அடைத்து வைத்தலையும் குறிக்கும். ஊர்க்காவல், பயிர்க்காவல் என்னும்போது முதற்பொருளும், நீதிமன்றக் காவல் என்னும்போது இரண்டாம் பொருளும் தோன்றுகின்றன. மனநல நெருக்கடியில் உள்ள ஒருவரைக் காவலர் அழைத்துச் செல்லும் நிகழ்வில் இவ்விரு பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அழைத்துச் செல்லப்படுபவர் குற்றம் செய்தவர் அல்லர். ஆயினும் அவருடைய விருப்பம் கேட்கப்படுவதில்லை. அவரைக் காப்பதற்காகவே அவருடைய நடமாட்டம் தடுக்கப்படுகிறது.

இந்த அதிகாரத்தை ஆராய்வோர் பெரும்பாலும் மருத்துவமனையின் வரலாற்றிலிருந்தே தொடங்குவர். சென்னை மனநோயாளர் காப்பகத்தின் தோற்றம், அதன் கண்காணிப்பாளர்கள், சிகிச்சை முறைகள் ஆகியவை ஓரளவு எழுதப்பட்டுள்ளன. ஆனால் காப்பகத்தின் வாயிலை அடைவதற்கு முன் ஒருவர் கடந்த இடங்களான தெரு, காவல் நிலையம், நடுவர் மன்றம் ஆகியவை போதிய கவனம் பெறவில்லை. தலைநகரை ஒட்டியிருந்தும் தனக்கென மனநோய்க் காப்பகம் இல்லாதிருந்த செங்கல்பட்டு மாவட்டம், இவ்விடைவெளியைக் காண்பதற்குப் பொருத்தமான களமாகும்.

2. காப்பகமும் தொலைவும்

1794ஆம் ஆண்டில் கும்பினியின் மருத்துவர் வாலன்டைன் கொனொலி, சென்னைப் புரசைவாக்கத்தில் மனநோயாளருக்கான தனியார் விடுதி ஒன்றைத் தொடங்கினார். அங்குத் தங்கியோரின் பராமரிப்புக்குக் கும்பினி பணம் செலுத்தியது. 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில், லோகாக் தோட்டம் எனப்பட்ட நிலத்தில், 145 நோயாளர்களுடன் அரசுக் காப்பகம் செயல்படத் தொடங்கியது. 1922ஆம் ஆண்டில் அது அரசு மனநல மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிற்காலத்தில் மனநலக் கழகமாக வளர்ந்ததும் இதுவே.

தமிழ் மாவட்டங்களுக்கு நீண்டகாலம் கீழ்ப்பாக்கமே சேருமிடமாக இருந்தது. இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம், சென்னை நகரைச் சூழ்ந்து கிடந்தது. வரைபடத்தில் காப்பகம் அருகில் இருந்தாலும், செங்கல்பட்டு நகரிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் அது ஏறத்தாழ 55 கி.மீ. அப்பால் இருந்தது. இத்தொலைவைக் கடக்கும்வரை ஒருவரை யார் பொறுப்பில், எந்த இடத்தில் வைத்திருப்பது என்னும் நடைமுறைச் சிக்கல் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

இதற்கு முற்பட்ட காலத்தில் ஊரை விட்டு அலைந்தோருக்குச் சத்திரங்களும், கோயில் மண்டபங்களும், தர்காக்களும் ஒதுங்குமிடங்களாக இருந்தன. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள திருக்கழுக்குன்றமும், கடற்கரையில் தர்கா அமைந்த கோவளமும் இத்தகைய வருகையாளரை அறிந்த ஊர்களே. சுந்தரர் சிவனையே பித்தன் என அழைத்த மரபில் அச்சொல்லுக்கு இகழ்ச்சியோடு நெருக்கமும் உண்டு. சட்டத்தின் வழி வந்த ‘லூனடிக்’ என்னும் சொல்லுக்கு அத்தகைய இரட்டைப் பொருள் இல்லை. எனினும் பழைய ஒதுங்குமிடங்களை இலட்சியமாகக் காட்டவியலாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஏற்பட்ட தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் உட்பட 28 பேர் இறந்தனர். வழிபாட்டிடத்தைச் சார்ந்த அடைக்கலமும் சிறையாக மாறக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

3. 1858: கடமையாக விதிக்கப்பட்ட பிடிப்பு

கும்பினியின் ஆட்சி பிரிட்டிஷ் முடியரசுக்கு மாறிய 1858ஆம் ஆண்டிலேயே மனநோயாளர் தொடர்பான மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் காப்பகங்கள் பற்றிய 36ஆம் சட்டம் இங்கு முதன்மையானது. தம் எல்லைக்குள் அலைந்து திரியும் பித்தரையும், பித்தின் காரணமாக ஆபத்தானவர் எனக் கருதப்படுவோரையும் பிடித்து நடுவரிடம் அனுப்புவது தாரோகாவின் அல்லது மாவட்டக் காவல் அதிகாரியின் கடமை என அது விதித்தது. நடுவர் மருத்துவ அலுவலரின் துணையோடு அவரை ஆராய்ந்து காப்பகத்துக்கு அனுப்பலாம்.

இவ்விதியில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவதாக, அலைவோரும் ஆபத்தானோரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். இவ்விணைப்பின் வேர் இங்கிலாந்தின் 1744ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தில் உள்ளது. வேலையின்றித் திரிவோரை ஒழுங்குபடுத்த வந்த அச்சட்டமே, வெறிகொண்ட மனநோயாளரை அடைத்து வைக்கும் அதிகாரத்தையும் நடுவர்களுக்கு அளித்தது. இரண்டாவதாக, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தின் மாவட்டக் காவல்துறையைப் புதிதாக அமைத்தது. பிடிக்க வேண்டும் என்னும் கட்டளை முந்தி வந்தது. அதை நிறைவேற்றும் சீரான அமைப்பு அடுத்த ஆண்டில் வந்தது. இவ்வகையில் மாவட்டக் காவல்துறை, உருவான நாள் முதலே மனநோயாளர் பற்றிய கடமையைச் சுமந்திருந்தது எனலாம்.

4. 1912: நகருக்கு ஒரு முறை, மாவட்டத்துக்கு ஒரு முறை

1912ஆம் ஆண்டின் 4ஆம் சட்டமான இந்தியப் பித்தர் சட்டம், முந்தைய விதிகளைத் தொகுத்துத் திருத்தியது. அதன் 13ஆம் பிரிவு, அலைந்து திரியும் மனநோயாளரைக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் கைது செய்யலாம் என்றும், ஆபத்தானவரைக் கைது செய்தே ஆக வேண்டும் என்றும் வேறுபடுத்தியது. கைது செய்யப்பட்டவர் உடனடியாக நடுவர்முன் கொண்டுசெல்லப்பட வேண்டும். நடுவர் அவரைத் தாமே ஆராய்ந்து, மருத்துவ அலுவலரின் சான்றையும் பெற்று, ஏற்பாணை பிறப்பிப்பார். முடிவு எட்டாதபோது, ஒருமுறைக்குப் பத்து நாள்களுக்கு மிகாமல், மொத்தம் முப்பது நாள்கள் வரை மருத்துவ உற்றுநோக்கலுக்காக அவரைக் காவலில் வைக்க 16ஆம் பிரிவு இடமளித்தது.

‘உடனடியாக’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் மணிக்கணக்கு எதையும் வகுக்கவில்லை. உற்றுநோக்கலுக்கான காவல் எத்தகைய இடத்தில் அமைய வேண்டும் என்பதும் இறுக்கமாக வரையறுக்கப்படவில்லை. காப்பகம் இல்லாத மாவட்டங்களில் சிறையும் அதன் மருத்துவமனையும் இடைத்தங்கல் ஆவதற்கு இந்நெகிழ்வு வழி திறந்தது.

இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு செங்கல்பட்டு மாவட்டத்தைப் பொறுத்தவரை தனிக் கவனத்துக்குரியது. மாகாணத் தலைநகரங்களில், நடுவர் செய்ய வேண்டிய செயல்களைக் காவல் ஆணையரே செய்யலாம் என அது கூறியது. இதன்படி சென்னை நகர எல்லைக்குள் பிடிப்பதும் காவல்துறை, அனுப்புவதற்கு ஆணையிடுவதும் காவல்துறை. நகர எல்லையைத் தாண்டிச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடியெடுத்து வைத்தால், பிடித்தவரும் ஆணையிடுபவரும் வெவ்வேறு அதிகாரிகள். அலைந்து திரியும் ஒருவர் ஒரே நாளில் இவ்வெல்லையை நடந்தே கடந்துவிடலாம். அவர் எந்தப் பக்கத்தில் பிடிபட்டார் என்பதைப் பொறுத்து, காவல்துறைக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரி அவர் முகத்தைப் பார்ப்பாரா இல்லையா என்பது முடிவாயிற்று. நகரத்துக்கு விரைவும் மாவட்டத்துக்கு மேற்பார்வையும் கிட்டின என இதனைச் சுருக்கலாம்.

5. சாலையில் நின்ற மூன்று சட்டங்கள்

மனநோய்ச் சட்டத்தைத் தனித்துப் படிப்பது முழுமையான காட்சியைத் தராது. 1898ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமான தொழுநோயாளர் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில், ஆதரவற்ற தொழுநோயாளராகத் தோன்றும் எவரையும் பிடியாணை இன்றிக் கைது செய்யக் காவலருக்கு அதிகாரம் தந்தது. 1945ஆம் ஆண்டின் சென்னை இரத்தல் தடுப்புச் சட்டம் பிச்சையெடுப்போர்மீது அத்தகைய அதிகாரத்தை வழங்கியது. ஆதலின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிழிந்த உடையோடு நெடுஞ்சாலையில் நடந்து செல்லும் ஓர் ஏழையைக் காவலர் மூன்று சட்டங்களுள் ஏதேனும் ஒன்றின்கீழ் பிடித்திருக்க இயலும். நோய், வறுமை, வீடின்மை ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்திருக்கும்போது, அவற்றுள் எது முதன்மையானது என்று முதலில் தீர்மானித்தவர் சாலையில் நின்ற காவலரே. மருத்துவரின் ஆய்வு அதற்குப் பின்னரே வந்தது.

தொழுநோய்க்கும் மனநோய்க்கும் இடையே இம்மாவட்டத்தில் நிலவிய வேறுபாடு குறிப்பிடத்தக்கது. தொழுநோயாளருக்குச் செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் லேடி வெலிங்டன் பெயரில் புகலிடம் இருந்தது. 1955ஆம் ஆண்டில் மத்திய அரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக வளர்த்தது. மனநோயாளருக்கு அத்தகைய நிறுவனம் மாவட்டத்துக்குள் அமையவில்லை. 1965ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி தோன்றிய பின்னரே, மாவட்டத்துக்குள் சிறப்பு மருத்துவம் வளர்வதற்கான அடித்தளம் இடப்பட்டது. மனநோயாளர் கடந்த தொலைவு, நிலவியல் விதித்தது அன்று. எந்த நோய்க்கு எங்கே நிறுவனம் அமைப்பது என்னும் நிர்வாக முடிவுகளின் விளைவே அது.

6. 1987: கைது பாதுகாப்பாதல்

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு ‘கைது’ என்னும் சொல்லை நீக்கிப் ‘பாதுகாப்பில் எடுத்தல்’ என்பதை அவ்விடத்தில் வைத்தது. அலைவோரை எடுக்கலாம், ஆபத்தானோரை எடுக்க வேண்டும் என்னும் 1912இன் வேறுபாடு தொடர்ந்தது. ஆயினும் அலைந்து திரிவது மட்டும் இப்போது போதுமானதாக இல்லை. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத அளவுக்கு நோயுற்றவர் என நம்பக் காரணம் இருக்க வேண்டும். எடுத்ததற்கான காரணத்தை அவருக்கோ, அவரால் விளங்கிக்கொள்ள இயலாதபோது உறவினருக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை நடுவர்முன் நிறுத்த வேண்டும்.

இந்த 24 மணி நேரம் அரசமைப்பின் 22ஆம் உறுப்பிலிருந்து வந்தது. கைது செய்யப்பட்ட குடிமகனுக்குரிய காப்புரிமை, ‘கைது’ என்னும் சொல் நீங்கிய இடத்திலும் நிலைநிறுத்தப்பட்டது. சொல் மென்மையானாலும் செயல் சுதந்திரத்தைப் பறிப்பதே என்பதை அச்சட்டம் மறைமுகமாக ஒப்புக்கொண்டது எனக் கொள்ளலாம்.

நடைமுறை வேறாக இருந்தது. 1982ஆம் ஆண்டு வீணா சேத்தி வழக்கில், பீகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநோயாளர் எனப்பட்டோர் இருபது, முப்பது ஆண்டுகள் கிடந்த நிலை உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. 1993ஆம் ஆண்டு ஷீலா பார்சே வழக்கில், குற்றம் சாட்டப்படாத மனநோயாளரைச் சிறையில் அடைப்பது சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் முரணானது என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே இத்தீர்ப்புத் தேவைப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

அதே 1993ஆம் ஆண்டில் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவர் ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினர். தெருவில் கண்ட, மனநலம் குன்றிய பெண்ணொருவருக்குத் தங்குமிடம் தேடியும் கிடைக்காமையே அதன் தோற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எடுப்பதற்குச் சட்டம் இருந்தும் கொண்டுசெல்வதற்கு இடம் இல்லை என்னும் நிலையை இத்தோற்ற வரலாறே காட்டுகிறது. இவ்வமைப்பின் பணி பின்னர் கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் பரவியது. நெடுநாள் மருத்துவமனையில் இருந்தவர்கள் ஊருக்குள் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாக வாழும் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் இக்கடற்கரையில் வேரூன்றியது. தெருவிலிருந்து அகற்றப்பட்டோர் மீண்டும் ஒரு தெருவில் குடியிருப்போராக ஆவது, 1858இன் சட்டம் எண்ணிப் பார்க்காத முடிவாகும்.

7. 2017: நடுவர் விலகிய இடம்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 100ஆம் பிரிவு நான்கு மாற்றங்களைக் கொணர்ந்தது.

முதலாவது, ‘எடுக்கலாம்’ என்னும் விருப்புரிமை நீங்கி, அலைவோர், தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் உள்ளோர் ஆகிய இருசாராரையும் பாதுகாப்பில் எடுப்பது கடமையாயிற்று. வடிவத்தில் இது 1858க்குத் திரும்புதலே. ஆயினும் அன்று அக்கடமை பொது அமைதியை நோக்கியது. இன்று அது நோயுற்றவரின் உரிமையை நோக்கியது. இரண்டாவது, எடுக்கப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பயண நேரத்தைக் கழிக்கும் 1987இன் சலுகை இங்கு இல்லை. மூன்றாவது, எச்சூழலிலும் அவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. நான்காவது, வீடற்றவராயின் காணாமற்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடும் பொறுப்பு நிலைய அலுவலருடையது. அனுமதி தேவையில்லை என மருத்துவர் கண்டால், காவலரே அவரை வீட்டிலோ வீடற்றோருக்கான அரசு இல்லத்திலோ சேர்க்க வேண்டும். இதனோடு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்னும் 115ஆம் பிரிவும் சேர்ந்து, நெருக்கடியில் உள்ளவரைக் குற்றவாளியாகக் காணும் பார்வையைக் குறைத்தது.

இவை பெரும் ஆதாயங்கள். அவற்றோடு ஓர் இழப்பும் நிகழ்ந்துள்ளது. 1858 முதல் 159 ஆண்டுகள், மாவட்டங்களிலாவது, காவலரின் செயலை முதலில் கண்டவர் நடுவர். 2017இன் சட்டத்தில் 24 மணி நேரம் அப்படியே நிற்க, அதன் முடிவில் நின்ற நடுவரின் இடத்துக்கு மருத்துவர் வந்தார். 102ஆம் பிரிவின்கீழ் நடுவருக்கு இன்றும் பங்கு உண்டு. ஆனால் காவலர் எடுக்கும் ஒவ்வொருவரும் அவர்முன் வரவேண்டியதில்லை. மருத்துவர் நோயை மதிப்பிடுவார். அவரை எடுத்தது முறையா, எடுத்த பின் எங்கு, எவ்வாறு வைத்திருந்தனர் என்று கேட்பது அவர் பணியன்று. மருத்துவமனை அனுமதியை ஆராய மனநல மீளாய்வு வாரியங்களைச் சட்டம் ஏற்படுத்தியது. காவல் நிலையத்தில் கழியும் முதல் சில மணி நேரம் அவற்றின் பார்வைக்கு இயல்பாக வருவதில்லை.

இவ்விழப்பு வரலாற்று ஆய்வாளரையும் தொடும். ஏற்பாணை முறையில் நீதிமன்றத்தில் ஒரு தாளும் மருத்துவமனையில் ஒரு தாளும் எஞ்சின. இனி, மருத்துவமனையில் அனுமதிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும் ஒருவருக்கு, நிலையத்தின் பொது நாட்குறிப்பையும் முதல் தகவல் அறிக்கையையும் விட்டால் வேறு சான்று குறைவு.

இங்கிலாந்தின் வழி இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, பொதுவிடத்தில் நெருக்கடியில் காணப்படுபவரைக் காவலர் ‘பாதுகாப்பான இடம்’ ஒன்றுக்குக் கொண்டுசெல்ல அனுமதித்தது. காவல் நிலையமும் அவ்விடங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2017 டிசம்பர் முதல், 18 வயதுக்கு உட்பட்டோரைக் காவல் நிலையத்தில் வைப்பது முற்றிலும் தடுக்கப்பட்டது. வயது வந்தோருக்கு அது அரிய சூழல்களுக்கு மட்டுமானது. உச்ச நேரம் 72 மணியிலிருந்து 24 மணியாகக் குறைந்தது. இந்தியச் சட்டத்தின் தடை இதைவிடக் கண்டிப்பானது. ஆனால் ‘பாதுகாப்பான இடம்’ எது என இங்கிலாந்துச் சட்டம் பட்டியலிட்டதுபோல் இந்தியச் சட்டம் பட்டியலிடவில்லை. லாக்கப் கூடாது என்கிறது. மருத்துவமனையை அடையும்வரை அவர் எங்கு அமர்ந்திருப்பார் என்பதை அது சொல்லவில்லை.

8. மாமல்லபுரம் கடற்கரை: சட்டத்தின் நிலவியல்

மேற்கண்ட இடைவெளியின் பொருளை மாமல்லபுரத்தில் தெளிவாகக் காணலாம். 1984 முதல் உலக மரபுச் சின்னமாக விளங்கும் இவ்வூர், பிற மாநிலத்தாரும் அயல்நாட்டாரும் நாள்தோறும் வந்து செல்லும் இடம். கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னையையும் புதுச்சேரியையும் இணைத்து இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. அலைந்து திரியும் ஒருவர் இங்கு வந்து சேர்வதும், அவர் பேசும் மொழி நிலையத்தில் எவருக்கும் தெரியாதிருப்பதும் இயல்பாக நிகழக்கூடியவை. காரணத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும், குடும்பத்தைத் தேட வேண்டும் என்னும் கடமைகள் இரண்டும் மொழியைச் சார்ந்தவை.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. ‘அருகிலுள்ள பொது மருத்துவ நிறுவனம்’ என்னும் தொடரை எழுத்தளவில் கொண்டால், ஆரம்ப சுகாதார நிலையமே முதலில் வரும். அங்கு மனநல மருத்துவர் எந்நேரமும் இருப்பார் என எதிர்பார்க்கவியலாது. எழுத்தைப் பின்பற்றினால் அவர் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். நோக்கத்தைப் பின்பற்றினால் நள்ளிரவில் ஒரு வண்டியும், அவருடன் செல்ல ஒரு காவலரும் வேண்டும். எடுக்கப்பட்டவர் பெண்ணாயின் பெண் காவலர் ஒருவரும் வேண்டும். இரவுப் பணியில் சிலரே உள்ள நிலையத்தில் இம்மூன்றும் ஒருங்கே அமைவது எளிதன்று. அவை அமையும்வரை கழியும் நேரமே, சட்டம் பெயரிடாத காவலாக மாறுகிறது.

நிர்வாக எல்லைகளும் இச்சிக்கலில் பங்கு கொள்கின்றன. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி முதல் மாவட்டத்தின் வடபகுதி தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின்கீழ் சென்றது. மாமல்லபுரம் மாவட்டக் காவல்துறையிலேயே நிற்கிறது. ஒரே கடற்கரைச் சாலையில் மீண்டும் நகரக் காவல், மாவட்டக் காவல் என இரு அமைப்புகள் அமைந்துள்ளன. 1912இன் 17ஆம் பிரிவு இன்று இல்லை. 100ஆம் பிரிவு இருசாராருக்கும் ஒன்றே. எனினும் ஆள்பலமும் வாகன வசதியும் ஒன்றாக இல்லாதபோது, பிடிபட்ட இடத்தைப் பொறுத்து நடத்தப்படும் முறை மாறுபடும் பழைய நிலை வேறு வடிவில் தொடரக்கூடும்.

9. முடிவுரை

நான்கு சட்டங்களின் ஒப்பீடு சில முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. காவலரின் கை 1858 முதல் மாறாமல் இருந்து வருகிறது. அக்கை கொண்டுசேர்க்கும் இடமே நடுவர் மன்றம், சிறை, காப்பகம், மருத்துவமனை என மாறியது. ‘கைது’ என்பது ‘பாதுகாப்பு’ ஆனபோது நோயுற்றவரின் மதிப்பு உயர்ந்தது. நடுவர் முதல் நிலையிலிருந்து விலகியபோது, காவலரின் செயலைக் காணும் வெளியார் கண் ஒன்று மங்கியது. தொலைவு எக்காலத்திலும் சட்டத்தின் நோக்கத்தைத் தாமதப்படுத்தியுள்ளது. அத்தொலைவை நிர்வாக முடிவுகளே உருவாக்கின என்பதால் நிர்வாக முடிவுகளாலேயே அதனைக் குறைக்கவும் இயலும்.

வீடற்ற மனநோயாளருக்கென அரசு மாவட்ட மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை, மீட்பு மையங்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியுள்ளமை இத்திசையிலான நகர்வாகும். காவலருக்கு மனநலம் குறித்த பயிற்சியைக் காலந்தோறும் அளிக்க 2017இன் சட்டமே அரசுகளைப் பணிக்கிறது. இவற்றோடு, பாதுகாப்பில் எடுக்கப்பட்ட நேரம், வைக்கப்பட்ட இடம், மருத்துவமனையை அடைந்த நேரம் ஆகிய மூன்றையும் குறிக்கும் பதிவு ஒவ்வொரு நிலையத்திலும் பேணப்பட்டு, அது மீளாய்வு வாரியத்தின் பார்வைக்குச் செல்லுமாயின், நடுவர் விலகிய இடம் ஓரளவு நிரம்பும். குற்றமின்றிக் கொண்டுசெல்லப்பட்டவர் முதல் இரவை எங்குக் கழித்தார் என்பதற்கு எழுத்தில் விடை இருத்தல், அவருக்குரிய காப்புகளுள் ஒன்றாகும்.